உள்ளே ஒன்றுமில்லாத உருண்டைகள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

என் போனை நீ எடுக்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. உன் அண்ணன் கூப்பிட்டால் மட்டும் எடுக்கிறாய். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் உடனே உன் வீட்டு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. நமக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவர்தான் திண்டாடுகிறார். "சண்டை போடறது நீங்க ரெண்டு பேரு. தினம் பொய் சொல்ற வேலை மட்டும் எனக்கா?" என்று நேற்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். அதனால்தான் கடிதம். இதை நீ கிழித்துப் போடலாம். ஆனால் கிழிப்பதற்கு முன் படித்துவிடுவாய், உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா?

அன்று போனில் நான் கேட்ட விதம் தப்பு. "அந்தப் படம் நிஜம்தானே?" என்று பட்டென்று கேட்டிருக்கக் கூடாது. கேட்ட விதத்துக்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கேள்வியை நான் வாபஸ் வாங்க முடியாத நிலையில் இருக்கிறேன், தம்பி. அதைத்தான் நீ காது கொடுத்துக் கேட்காமல் போனை வைத்துவிட்டாய்.

இந்தப் புது ஊரில் நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நம் உருண்டைகள் ஒரு தடவைகூட வரவில்லை. என் வேலை என்ன என்று உன் அண்ணன் பத்தாவது முறையாகக் கேட்டார். நானும் சளைக்காமல் சொன்னேன். குழந்தைகளை வாந்தியிலும் பேதியிலும் தள்ளுகிற அந்த வைரஸை லேபில் வளர்ப்பது பெரும்பாடு, வளர்ந்தாலும் ஆபத்து. அதனால் அதன் மேலுறைக்கான மரபணுவை மட்டும் எடுத்துப் பூச்சி செல்களுக்குள் விடுகிறோம். செல்கள் உறைப் புரதத்தைச் செய்கின்றன. அந்தப் புரதங்கள் தாமாகவே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உருண்டையாகின்றன. வெளியே பார்த்தால் அச்சு அசல் வைரஸ். உள்ளே ஒன்றுமில்லை, அதனால் யாருக்கும் நோய் வராது. அதை வைத்துக்கொண்டு, நோய் வந்து தேறிய குழந்தைகளின் ரத்தம் வைரஸை எந்த இடத்தில் பிடிக்கிறது என்று பயமில்லாமல் பார்க்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப சட்டை இருக்கு, ஆள் இல்ல. துணிக்கடை வாசல்ல தொங்குமே, அது மாதிரி" என்றார். இவ்வளவு வருஷத்தில் அவர் சரியாகப் புரிந்துகொண்டது இதுதான்.

ஆனால் இங்கே சட்டையும் வரவில்லை, வெறும் கந்தல்தான் வருகிறது. மாடியில் இருக்கும் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உடைசலும் தூசியுமாகக் கிடக்கிறது. இங்குள்ள குழுத் தலைவி நல்ல மாதிரி. கோபப்படவில்லை. மே கடைசியில் ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய லேபில் நாம் சேர்ந்து எழுதி வெளியிட்ட கட்டுரையை நம்பி வேலை செய்கிற எல்லா லேபிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அதற்குள் உருண்டைகள் வராவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதுதான் நியாயம் என்று மெதுவாகச் சொன்னார். கட்டுரையில் முதலில் இருப்பது உன் படம். படம் எடுத்தவன் நீ. அதனால் மறுபடியும் கேட்கிறேன். நீ பார்த்தது முழுக்க அப்படித்தான் இருந்ததா, அல்லது எங்கோ ஒரு நல்ல மூலையைத் தேடி எடுத்தாயா?

பாப்பா உனக்கு ஒரு முத்தம் கொடுக்கச் சொன்னாள். அதற்கும் நமது சண்டைக்கும் சம்பந்தமில்லை.

உன் அண்ணி

&nbsp;

பிப்ரவரி 26

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில்: படம் நிஜம். மூலையைத் தேடவில்லை. இத்துடன் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். அந்த நாட்களில் நான் எடுத்த அத்தனை படங்களும் அதில் இருக்கின்றன. மங்கலானவை, சாயம் சரியாகப் பிடிக்காதவை, உங்கள் தும்மலால் மேசை ஆடிப்போனது உட்பட. தங்கள் தலைவியிடமும் காட்டலாம். சந்தேகம் என்று வந்துவிட்டால் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லதுதானே.

இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. வேறு யாராவது இதைக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். நாள் பூராவும் இருட்டறையில் கிடக்கிறவன் என்று லேபே என்னை ஆந்தை என்று கூப்பிட்டது. நீங்களும்தான் கூப்பிட்டீர்கள். ஆனால் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால், "ஆந்தை பாக்குது, யாரும் கதவத் தட்டாதீங்க" என்று காவல் நின்றதும் நீங்கள்தான். அப்படி நின்ற நீங்கள் இன்றைக்கு, நீ என்ன பார்த்தாய் என்று கேட்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டுக்கு நீங்கள் வந்ததே என்னால்தான். லேபில் ஒருத்தர் இருக்கிறார், பூச்சி வளர்க்கிறார், வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு தங்கம் என்று அண்ணனிடம் நான்தான் சொன்னேன். சாவியை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி அண்ணனை லேபுக்கு வரவழைத்ததும் நான்தான். அன்றைக்கு என் கண்ணை நம்பித்தான் அண்ணன் வந்தார். வந்து கெட்டுப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

திரும்பப் பெறும் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். தலைகீழாக நின்றாலும் மாட்டேன்.

பாப்பாவுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
தங்கள் கணவரின் தம்பி

&nbsp;

மார்ச் 14

தம்பி,

"கணவரின் தம்பி" என்று கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்து உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுக்களையில் போய் நின்று அழுதேன். போதுமா?

படங்கள் முழுவதையும் பார்த்தேன். நீ சொன்னது சரி. எல்லாப் படத்திலும் உருண்டை இருக்கிறது. மங்கலான படத்திலும் மங்கலாக இருக்கிறது. ஓரத்தில் சின்னச் சின்னக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி மேடுகள், நடுவில் சாயம் இறங்கிய கறுப்பு. உன்னைச் சந்தேகப்பட்டதற்கு அந்தக் கிண்ணங்களே என்னை அடித்த மாதிரி இருந்தது. சந்தேகம் இல்லை, குழப்பம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது பொய். சந்தேகம்தான் பட்டேன். பயத்தில் பட்டேன்.

ஆனால் தம்பி, அப்போது வந்தது ஏன் இப்போது வரவில்லை? இது தெரியாவிட்டால் உன் படங்கள் பழைய படங்களாகவே நிற்கும். கூட்டத்தில் யாராவது எழுந்து, எங்களுக்கும் வரவில்லை என்று சொல்வார்கள். நான் என்ன பதில் சொல்வேன்?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சரிபார்த்தாயிற்று. செல்கள் அதே செல்கள், நீ ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலேற்றி அனுப்பியவை. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் புரதம் நீலப் பட்டையாகத் தடித்து நிற்கிறது, குறைவே இல்லை. லாரி லாரியாகச் செங்கல் வந்து இறங்குகிறது, ஒரு சுவர்கூட எழும்பவில்லை.

இங்கே எல்லாம் புதுசு. செல் குடுவைகளை ஆட்டுகிற ஷேக்கர் சத்தமே போடுவதில்லை. நம் ஷேக்கர் கடகடவென்று ஆடி, மேசையிலிருந்து நகர்ந்து நகர்ந்து ஜன்னல் வரைக்கும் போகுமே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே வந்த முதல் வாரம் ஃபிளாஸ்க்கை உள்ளங்கையில் ஓங்கித் தட்டிச் செல்களை உதிர்த்தேன், நாம் வழக்கமாகச் செய்வது போல. லேபே திரும்பிப் பார்த்தது. இங்கே எல்லாரும் ரப்பர் கரண்டியால் நோகாமல் வழிக்கிறார்கள். நானும் வழித்துப் பார்த்தேன், தட்டியும் பார்த்தேன். இரண்டிலும் கந்தல்தான்.

செய்முறைத் தாளில் இருக்கிறபடி ஒன்றுவிடாமல் செய்கிறேன். தாளை எழுதியவளே நான்தான். அதனால் தாளை விடு. நீ சும்மா பேசு. அந்த அறை எப்படி இருந்தது, நாம் எப்படி இருந்தோம், எது எங்கே கிடந்தது, யார் யாரைத் திட்டினோம், எல்லாவற்றையும் எழுது. எனக்கு உதவுமோ உதவாதோ, எனக்கு அதைக் கேட்க வேண்டும் போல இருக்கிறது. இந்த ஊரில் என்னைப் பூச்சி அண்ணி என்று கூப்பிட ஓர் ஆள் இல்லை.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

கேட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். சமாதானமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அழுதேன் என்று எழுதியதைப் படித்து எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

நம் அறையை இப்போது யாரும் அறை என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் போனபின் பாதியைச் சாமான் போடும் இடமாக்கிவிட்டார்கள். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் உங்கள் மேசை மட்டும் நிற்கிறது. விளிம்பில் நீங்கள் பசைநாடா ஒட்டி, "பூச்சிகள் இருக்கும் இடம், கையை வைக்காதே" என்று எழுதியது இன்னும் இருக்கிறது. எடுக்கச் சொன்னார்கள். பசை வரமாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டேன். நான் முயற்சியே செய்யவில்லை.

காலையில் நீங்கள்தான் முதலில் வருவீர்கள். வந்ததும் கையைக் கழுவிவிட்டு நேரே இன்குபேட்டரைத் திறந்து, "எப்படி இருக்கீங்க எல்லாரும்?" என்று செல்களைக் கேட்பீர்கள். என்னை ஒரு நாளும் அப்படிக் கேட்டதில்லை. புரொபசர் பதினோரு மணிக்கு வந்து, செய்தித்தாளால் முகத்தை மூடிக்கொண்டு, யோசிக்கிறேன் என்பார். குறட்டை கேட்கும். அவருக்கு டீ கொண்டுபோய் வைத்து, கப்பை வேண்டுமென்றே சத்தமாக வைப்பீர்கள். அவர் எழுந்ததும் உண்மையாகவே ஏதாவது யோசனை சொல்வார், அதுதான் ஆச்சரியம்.

அப்புறம் பக்கத்து அறையில் ஈஸ்டை வைத்து ஆராய்ச்சி செய்த ஈஸ்ட்காரர்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் ஏழாம் பொருத்தம். அமிலமா காரமா என்று அளக்கிற நம் பி.எச். மீட்டரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது அதன் முனை காய்ந்து கருவாடாகியிருக்கும். ஒரு நாள் உங்களுக்குப் பொறுக்கவில்லை. மீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிர் அறையில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தீர்கள். "அங்க வந்து தேடட்டும், வெறச்சுச் சாகட்டும்" என்றீர்கள். அவர்கள் தேடவும் இல்லை, விறைக்கவும் இல்லை. விறைத்தது நீங்கள்தான். அண்ணனின் பழுப்பு ஸ்வெட்டரை, முழங்காலைத் தொடுமே அதை, மாட்டிக்கொண்டு குளிர் அறைக்குள் போய் நின்றபடியே, புரதத்தைப் போட்டு வைக்கிற பஃபர் கரைசலைக் கலக்குவீர்கள். பஃபரையும் பாட்டில் பாட்டிலாக உள்ளேயே வைத்திருப்பீர்கள். வெளியே வரும்போது மூக்கு சிவந்து, கை நடுங்கி, ஈஸ்ட்காரர்களின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே வருவீர்கள். அந்தத் திட்டைக் கேட்பதற்காகவே நான் இருட்டறைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பேன். உங்களிடம் இதை நான் சொன்னதில்லை.

மத்தியானம் அண்ணன் சாப்பாடு கொண்டு வருவார். ஸ்வெட்டரில் ஏன் மருந்து வாசனை என்று கேட்பார். தெரியாத மாதிரி நாம் இருவரும் சாப்பிடுவோம். சாப்பிடும்போது நீங்கள் பொறுமையில்லாமல், "என்னடா தெரிஞ்சுது, சீக்கிரம் சொல்லு" என்று என் கையைப் பிடித்து உலுக்குவீர்கள். நான் வேண்டுமென்றே மெதுவாக மென்று சாப்பிடுவேன்.

இதெல்லாம் உங்கள் உருண்டைகளுக்கு என்ன உதவும் என்று தெரியவில்லை. எழுத உட்கார்ந்தால் நிறுத்த முடியவில்லை. நான் ரொம்ப நாளாக யாரிடமும் இவ்வளவு பேசவில்லை. வேலை ஓடுகிறது. இப்போது சிவப்பு விளக்கு எரிந்தாலும் கதவைத் தட்டுகிறார்கள்.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 15

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன்தான் சத்தமாகப் படித்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டர் வந்த இடத்தில், "அடப்பாவிகளா, இப்படித்தான் அதப் பாழாக்கினீங்களா?" என்று நிறுத்தினார். எனக்குக் கத்தி கையிலேயே நின்றுவிட்டது. "அதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்கான், திரும்பப் படிங்க" என்றேன். படித்தார். மறுபடி படிக்கச் சொன்னேன். "பைத்தியம் பிடிச்சிருச்சா?" என்றார். இல்லை, தெளிந்துவிட்டது.

குளிர் அறை, தம்பி. நாம் பஃபரைக் குளிர் அறையில் நின்று அளந்தோம்.

பஃபரில் நாம் போடுகிற அந்த உப்புக்கு ஒரு குணம் உண்டு. குளிரக் குளிர அதன் காரத்தன்மை ஏறும். முதல் வருஷப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இங்கே நான் வெதுவெதுப்பான அறையில், நல்ல மேசையில், நல்ல மீட்டரை வைத்து, தாளில் இருக்கும் எண்ணுக்குத் துல்லியமாக அளக்கிறேன். அப்புறம் பாட்டிலைக் குளிரில் வைக்கிறேன். குளிர்ந்ததும் காரம் ஏறிவிடுகிறது. நம் உருண்டைகளுக்குக் காரம் ஆகாது, கோத்த கையை விட்டுவிடும். அங்கே நாம் அளந்ததே குளிரில். குளிரில் இருக்கும்போது என்ன எண்ணோ, அதுதான் மீட்டரிலும் இருந்தது. தாளில் எண்ணை மட்டும் எழுதினேன். எங்கே நின்று அளக்க வேண்டும் என்று எழுதத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்? ஈஸ்ட்காரர்கள் மேல் இருந்த கோபத்தில் மீட்டரை ஒளித்தேன் என்று செய்முறையில் எழுதுவார்களா?

அந்த ஆட்களை நான் திட்டியது கொஞ்சமா? அவர்கள் மீட்டரைக் காயவிடாமல் இருந்திருந்தால் நமக்கு உருண்டையே வந்திருக்காது. எங்கே இருக்கிறார்களோ, நன்றாக இருக்கட்டும்.

மறுநாளே இங்கே மீட்டரைக் குளிர் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். புது பஃபர் கலக்கினேன், புதிதாகச் செல்களை உடைத்தேன், புரதத்தைப் பிரித்தேன். மைக்ரோஸ்கோப்பில் வைக்கிற குட்டிச் செம்பு வலையில் ஒரு சொட்டு வைத்து, சாயம் போட்டு, காயவைத்தேன். அந்த வலைதான் இந்தக் கடிதத்தோடு சின்ன டப்பாவில் வருகிறது.

நான் அதைப் பார்க்கவில்லை.

மாடியில் மைக்ரோஸ்கோப் இருக்கிறது. ஏறிப்போனால் பத்து நிமிஷ வேலை. தலைவியே வந்து கேட்டார். "பாக்கலாமே, எதுக்குக் காத்திருக்கீங்க?" என்றார். கூட்டத்துக்கு நாள் இல்லை என்றும் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். நான் முதலில் பார்த்து, அதில் உருண்டை இருந்து, அதற்கப்புறம் நீ சொன்னது சரிதான் என்று உனக்கு எழுதினால், நான் நம்புவது என் கண்ணைத்தானே? அது எனக்கு வேண்டாம். உன்னிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். அதற்கு வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ பார். இருக்கிறது என்று நீ எழுதினால் கூட்டத்தில் எழுந்து இருக்கிறது என்பேன். இல்லை என்று எழுதினால் திரும்பப் பெறும் கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. நீ போட வேண்டாம், உன் சார்பிலும் நானே பேசிக்கொள்கிறேன். படம் அனுப்ப வேண்டாம். ஒரு வரி எழுது, போதும்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. சரியான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆடுகிறேன், ஒரு வேளை இதுவும் இல்லை என்றால்? அப்படியென்றாலும் நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

உன் அண்ணி

&nbsp;

ஏப்ரல் 30

அண்ணி,

டப்பா பத்திரமாக வந்தது. நீங்கள் பஞ்சு வைத்து, அதற்கு மேல் பஞ்சு வைத்து, குழந்தையைப் பொட்டலம் கட்டுவது போலக் கட்டியிருந்தீர்கள். பிரிப்பதற்கே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அன்றைக்கு நான் பார்க்கவில்லை. டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தேன். பார்க்காதவரை எதுவும் முடிவாகவில்லை அல்லவா? இல்லை என்று வந்தால் நீங்கள் தனியாக எழுந்து நின்று எங்கள் வேலை தப்பு என்று அந்தக் கூட்டத்தில் சொல்வீர்கள். அதை நினைத்ததும் டப்பாவை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தேன். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பித் தொலைத்திருக்கக் கூடாதா என்று உங்களைத் திட்டவும் செய்தேன்.

இன்று காலையில் வலையை மைக்ரோஸ்கோப்புக்குள் விட்டேன். வலையின் முதல் சதுரத்தில் மேலே இருந்த படலமே கிழிந்திருந்தது. அடுத்ததில் சாயம் திட்டுத்திட்டாக, ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அடுத்ததில் தூசி. எழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் வலையை இன்னும் கொஞ்சம் நகர்த்தி, குவியத்தைச் சரிசெய்தேன்.

இருக்கு அண்ணி.

ஒன்றிரண்டு இல்லை. பார்க்கும் இடமெல்லாம் இருக்கிறது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, வட்ட வட்டமாக, ஓரத்தில் அதே கிண்ணங்களோடு. சில உருண்டைகளுக்குள் சாயம் இறங்கி நடுவில் கறுப்பாக இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை என்பது அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன், இவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. ஒருவேளை எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்னவோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் இருந்தன.

வாய் தன்னாலே, "அண்ணி, ஓடி வாங்க!" என்று கூப்பிட்டுவிட்டது. சத்தமாகத்தான் கூப்பிட்டேன். வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தவர் கதவைத் திறந்து, என்ன சார் என்றார். ஒன்றுமில்லை என்றேன். அவர் போனதும் மறுபடி குனிந்து உருண்டைகளைப் பார்த்தேன். நீங்கள் இல்லாமல் இந்த அறையில் இது எனக்கு முதல் தடவை.

படம் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் எடுக்கவும் இல்லை. வலை என்னிடமே இருக்கட்டும்.

கூட்டத்தில் எழுந்து தைரியமாகச் சொல்லுங்கள். பார்த்தது யார் என்று கேட்பார்கள். என் கொழுந்தன் பார்த்தான் என்று சொல்லுங்கள்.

தம்பி